ஏழாம் அங்கத்தின் கதைச்சுருக்கம்

ஐந்து வருடம் தொலைக்காட்சி நாடகங்களைப் பற்றி எழுதிப் பிழைத்தவன் நான். அந்த ஐந்து வருடத்தில் நான் பார்த்தது ஒரே ஓர் அங்கம்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் பத்திரிகையில் ராசிபலன் எழுதியவர் வானத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. சமையல் குறிப்பு எழுதியவர் மூன்று வேளையும் கடையில் சாப்பிட்டவர்.

எண்பதுகளின் ஆரம்பம் அது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் வார இதழின் அலுவலகம். படியேறும்போது மல்லிகை மணக்கும். ஏறி முடித்ததும் அச்சு மை நாறும். நான் கிள்ளானில் மூன்றாம் பாரம் என்ற ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது லோரிப் பட்டறைகளும் பஸ் நிறுத்தங்களும்தான். யாராவது நல்லதாக ஒரு வாக்குச் சொன்னால் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் குறித்து வைத்துக்கொள்வேன். அப்படிச் சேர்ந்த டிக்கெட்டுகளைக் காட்டித்தான் வேலை கேட்டேன். முதலாளி நாலைந்தைப் படித்துப் பார்த்துவிட்டு, “வார்த்தை இருக்குடா உன்கிட்ட. விஷயம் இல்ல. பரவால்ல, பத்திரிகைக்கு அது போதும்” என்று சேர்த்துக்கொண்டார். ‘இந்த வாரத் தொலைக்காட்சி’ என்ற பக்கம் என் தலையில் விழுந்தது.

வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு அரைமணி நேரத் தமிழ் நகைச்சுவை நாடகம் ஒன்று வரும். ஒரு வரிசை வீடு, ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு மாமியார், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர். மொத்தம் பதின்மூன்று அங்கம். நிலையத்திலிருந்து மலாயில் ஒரு தாள் வரும். ஒவ்வோர் அங்கத்துக்கும் ஒருவரிக் கதை இருக்கும். அதைத் தமிழாக்கிப் போட்டேன். பதின்மூன்றும் முடிந்தன. பதினான்காம் வாரம் மறுபடி முதல் அங்கம். இந்தத் தடவை தாளில் கதை இல்லை. ‘ஊலாங்கான்’ என்று ஒரே ஒரு சொல். மறுஒளிபரப்பு என்று அர்த்தம்.

“போஸ், இது பழசு. மறுஒளிபரப்புன்னு போட்டுரவா?” என்று முதலாளியைக் கேட்டேன்.

நேற்றைய குழம்பை நேற்றைய குழம்பு என்று சொல்லியே பரிமாறலாமா என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார்.

“பழசுன்னு தெரிஞ்சா எவன்டா அந்தப் பக்கத்த தொடுவான்? அவங்க திருப்பிப் போடட்டும், அது அரசாங்கம். நாம திருப்பிப் போடக் கூடாது. போன தடவ போட்ட வார்த்த ஒண்ணுகூட இந்தத் தடவ வரக் கூடாது. கதைய விடு, வார்த்தைய மாத்து.”

கிள்ளானில் லோரி ஓட்டிய என் சித்தப்பா ஒருவர், “லோரி பழசாயிருச்சா, ஹோரன மாத்து. முன்னாடி போறவன் புது லோரின்னு நெனச்சு ஒதுங்குவான்” என்பார். என் முதலாளிக்கு லோரி ஓட்டத் தெரியாது. ஆனால் ஹோரன் விஷயத்தில் இருவரும் ஒரே குருவிடம் பாடம் கேட்டவர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். கணவன் என்று தலைப்புப் போட்டு, கீழே துணைவன், வீட்டுக்காரர், இல்லத்தரசர், குடும்பத் தலைவர். மனைவிக்கு ஏழு சொல் கிடைத்தது, பயத்துக்குப் பதினொன்று. பழைய இதழைப் பக்கத்தில் விரித்து, பியூஸ் போன பல்பைக் கழற்றிப் புதுசு மாட்டுவதுபோல, ஒவ்வொரு சொல்லாய்க் கழற்றி மாட்டுவேன். ‘கணவன் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறான்’ என்பது அடுத்த சுற்றில் ‘குடும்பத் தலைவர் மஞ்சத்தின் கீழ் பதுங்குகிறார்’ ஆகும். மாமியார் முதல் சுற்றில் வந்தார். இரண்டாம் சுற்றில் வருகை தந்தார். மூன்றில் விஜயம் செய்தார். நான்காம் சுற்றில் வேறு வழியில்லாமல் எழுந்தருளினார். அன்றைக்குக் காஜாங்கிலிருந்து ஓர் அம்மா போன் செய்து, “எழுந்தருளுறாங்கன்னு போட்டிருக்கீங்களே, எந்தக் கோயில்ல தம்பி? அன்னதானம் உண்டா?” என்று விசாரித்தார். அவர் வீட்டில் டிவி இல்லை.

அதுதான் என் பாதுகாப்பு. நாடகம் பார்க்கிறவர்கள் என் பக்கத்தைப் படிப்பதில்லை; பக்கத்தைப் படிக்கிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் டிவி கிடையாது. இரண்டுக்கும் நடுவில் நான் சுகமாக உட்கார்ந்திருந்தேன்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். மூன்றாம் சுற்று எழுதும்போது நான் முதல் சுற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டாம் சுற்று மேலே இருக்கும், அதை எடுத்து மாற்றுவேன். நான்காவதுக்கு மூன்றாவது. மாற்றியதையே மாற்றினேன். அதில் என்ன கெடுதல் வந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. அரைத்த மாவையே அரைப்பதுதானே.

நான்காம் சுற்றில் ஏழாம் அங்கம் வந்தது. முந்தைய இதழில் இப்படி இருந்தது: ‘அடுத்த வீட்டில் அன்போடு வளர்ந்த ஜீவன் ஒன்று வெளியேறிவிடுகிறது. சுற்றத்தார் அலைகிறார்கள். கடைசியில் வீடு திரும்புகிறது. குலுங்கலாம்.’

அந்த ஜீவன் யாரென்று எனக்கு நினைவில்லை. அன்போடு வளர்த்தார்கள், வெளியே போய்விட்டது, சுற்றம் தேடுகிறது என்றால் வேறு யாராக இருக்கும்? அந்த வாரம் முதலாளி வேறு, “கொஞ்சம் சென்டிமென்ட் சேருடா, பொம்பளைங்க படிக்கிற பக்கம்” என்று சொல்லியிருந்தார். எழுதினேன்: ‘பாசத்தைக் கொட்டிச் சீராட்டிய பிள்ளை வாசலைத் தாண்டிப் போய்விட்டான். உறவினர் கலங்குகின்றனர். பெற்ற மனம் இளகுமா? பிரிந்தவர் இணையும் காட்சியில் சிரிப்போடு கண்ணீரும் பொங்கும்.’ ஒரு சொல்கூடத் திரும்ப வரவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை இதழ் வெளியானது. ஞாயிறு மதியம் சாப்பிடப் போனேன்.

நான் சாப்பிட்டது ஓர் அக்காவின் வீட்டில். என்னைப் போன்ற பத்துப் பன்னிரண்டு தனிக்கட்டைகளுக்கு அவர் சமைத்துப் போடுவார். அவர் கணவர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை அங்கிள் என்போம், மனைவியை அக்கா என்போம். உறவுமுறை பார்த்தால் விபரீதம்; பிரிக்பீல்ட்ஸில் யாரும் அதையெல்லாம் பார்ப்பதில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்து, ஒரு கடைவீட்டின் மேல்மாடிக்குக் குடிவந்திருந்தார்கள். ஆறு வாரம் முன்புதான் டிவி வாங்கினார்கள். நான் அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறவன் என்று அங்கிள் நினைத்துக்கொண்டிருந்தார். எழுதுகிறவன் என்று அக்காவுக்குத் தெரியும்.

அவர்களுக்கு ஒரே மகன். அங்கிள் பத்துப் பேர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ரயில்வேயில் வாங்கிக் கொடுத்த குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு, பீஜே என்கிற பெட்டாலிங் ஜெயாவில் வீடு வீடாகத் தூசி உறிஞ்சும் மெஷின் விற்கப் போய்விட்டான். “மத்தவன் வீட்டுக் குப்பைய உறியப் போறவனுக்கு இந்த வீட்டு வாசல்ல என்ன வேல?” என்றார் அங்கிள். ஏழு மாதமாகப் பையன் வரவில்லை. அவனுக்கும் அதே ரோஷம்.

அக்கா அன்றைக்கு எனக்கு இரண்டு துண்டு மீன் வைத்தார். ஒன்றுக்கு மேல் வைத்தால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

“படிச்சேன் தம்பி,” என்றார் மெதுவாக. உள்ளறையில் அங்கிள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். “வியாழக்கிழம கதை. அப்படியே எங்க வீட்டுக் கதை.”

“எந்தக் கதைக்கா?”

“பிள்ளை வாசலத் தாண்டிப் போனது. அப்பன் மனசு எளகுறது. எழுதினவனே எந்தக் கதைங்கிறான் பாரு! தம்பி, எங்க பாதிரியாரு மன்னிப்பப் பத்தி மூணு ஞாயிறு பிரசங்கம் பண்ணிட்டாரு. இவரு மூணு ஞாயிறும் தூங்கிட்டாரு. டிவி முன்னாடி மட்டும்தான் இந்த மனுஷன் முழிச்சிருக்காரு. நா முடிவு பண்ணிட்டேன்.”

திட்டம் இதுதான். வியாழக்கிழமை மகன் எதிர்சாரிக் கோப்பிக்கடையில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். டிவியில் தகப்பன் மகனைச் சேர்த்துக்கொள்ளும்போது அங்கிளின் கண் கலங்கும். கலங்கியதும் அக்கா சன்னலில் சிவப்புத் துண்டைப் போடுவார். பையன் படியேறி வருவான். ஈரம் காய்வதற்குள் உள்ளே வந்துவிட வேண்டும்.

“அவனும் சரின்னுட்டான். இதுவும் நடக்கலன்னா அவன் ஜொகூர் பக்கமா போயிருவானாம். அங்க ஆளு கேக்குறாங்களாம். போனா வருஷத்துக்கு ஒரு தடவ பாக்குறதுதான்” என்றார். நான் இரண்டாவது துண்டு மீனை எடுத்தேன். அப்போதும் நான் கதையைப் பற்றிக் கவலைப்படவில்லை.

திங்கட்கிழமை காலை எழுத்துக் கோக்கும் அண்ணன், கையைத் துடைத்தபடி என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, அந்த ஏழாம் அங்கம். போன வருஷம் அது நாய்தானே?”

“எது நாய்?”

“பிள்ளை. நாலு தடவையும் நாந்தானே கோத்தேன். மனசு மறக்கும், கை மறக்காது. முதல்ல ‘பக்கத்து வீட்டுக்காரரின் நாய் காணாமல் போகிறது’ன்னு கோத்தேன். அப்புறம் ‘அயலாரின் செல்லப் பிராணி’. அப்புறம் ஜீவன். இப்ப பிள்ளைங்கிற. அடுத்த சுத்துல கல்யாணம் பண்ணி வச்சிருவியா?”

“ஏண்ணே சனிக்கிழமைக்கு முன்னாடி சொல்லல?”

“நான் எழுத்துதான் கோக்குறேன். கதைய நீங்கதான் பாத்துக்கணும்லா.”

பழைய இதழ்க் கட்டை எடுத்துப் பார்த்தேன். நாய்தான். நான்கு படியில் அது குரைப்பதை விட்டு, நிமிர்ந்து நின்று, மகனாகியிருந்தது. ஒவ்வொரு படியும் பார்க்கச் சரியாகத்தான் இருந்தது.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் சாப்பிடப் போகவில்லை. வியாழன் மதியம் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு போனேன். அக்கா கோழி வறுத்துக்கொண்டிருந்தார். மகனுக்குப் பிடித்த மாதிரி மிளகு தூக்கலாக.

“அக்கா, அந்தக் கதைல ஒரு சின்ன…”

“சொல்லாத தம்பி!” என்று கரண்டியை நீட்டினார். “முடிவு தெரிஞ்சா சுவாரசியம் போயிரும். சாயந்திரம் நீயும் வந்துரு. நீ எழுதினது பலிக்கிறத நீ பாக்க வேண்டாமா?”

“இல்லக்கா, அது பிள்ளை இல்ல…”

“பெத்தவங்களுக்கு எல்லாம் பிள்ளைதான். போ, வேலையப் பாரு.”

நான் சொல்லியிருக்க வேண்டும். கையைப் பிடித்து நிறுத்தி, அது நாய் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயத்துக்குப் பதினொரு சொல் தெரிந்தவன் அந்தப் பதினொன்றோடும் படியிறங்கினேன்.

ஆறேகாலுக்கு அந்த வீட்டில் இருந்தேன். அங்கிள் சாய்வு நாற்காலியில். அக்கா தரையில், மடியில் சிவப்புத் துண்டு. சன்னல் வழியாகப் பார்த்தால் கோப்பிக்கடையில் மகன். டை கட்டியிருந்தான். முன்னால் இருந்த கோப்பியைத் தொடவே இல்லை.

நாடகம் ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். “காணோமே! ஐயோ, காணோமே! நேத்து நான் ஒரு வார்த்தை திட்டிட்டேன், கோவிச்சிக்கிட்டுப் போயிருச்சே!”

அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா அதற்குள் கண்ணைத் துடைத்தார். “பாத்தீங்களா, பெத்த மனசு…”

“சும்மா இரு, கேக்கட்டும்.”

அடுத்த காட்சி போலீஸ் நிலையம். காணாமல் போனவரின் அடையாளம் சொல்லுங்கள் என்றார் போலீஸ்காரர். பக்கத்து வீட்டுக்காரர் விம்மிக்கொண்டே சொன்னார்: “பழுப்பு நிறம் சார். ஒரு காது மடங்கியிருக்கும். வாலு நுனியில வெள்ள.”

அங்கிள் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

“என்னடி இது?” என்றார் அங்கிள். “மகன்னு சொன்ன. வாலு இருக்கு!”

அக்கா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“முழுசா பாருங்க,” என்றார் அக்கா, குரல் உள்ளே போய்விட்டது. “உள்ள ஏதாவது இருக்கும்.”

உள்ளே நாய்தான் இருந்தது. மாமியாரின் கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் அதைத் தூக்கி முத்தமிட்டார். அது அவர் மூக்கை நக்கியது. டிவிக்குள் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அங்கிளின் கண்ணில் ஒரு பொட்டு ஈரமில்லை. அக்கா மடியில் இருந்த துண்டை நாலாக மடித்து, எட்டாக மடித்து, கைக்குள் அடக்கிக்கொண்டார். கோப்பிக்கடையில் பையன் எழுந்து நின்று சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கிள் எழுந்து இதழைத் தேடி எடுத்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டி உரக்கப் படித்தார். “‘பாசத்தைக் கொட்டிச் சீராட்டிய பிள்ளை… பெற்ற மனம் இளகுமா…’ பொய்! அச்சடிச்ச பொய்! காசு குடுத்து வாங்குறவன் என்ன மடையனா? இத விடக் கூடாது. பேப்பர் கொண்டா. பேனா கொண்டா.”

இங்கே அங்கிளின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அவர் புகார்க் கடிதம் போடுகிறவர். கால்வாய் அடைத்தால் நகராண்மைக்கு, பஸ் தாமதமானால் கம்பெனிக்கு, ரேடியோவில் மணி இரண்டு நொடி பிந்தினால் ரேடியோவுக்கு. ஆனால் அவர் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். சொல்லச் சொல்ல எழுதுவது எப்போதும் மகன்தான், பத்து வயதிலிருந்து. அவன் போன ஏழு மாதமாக அந்த வீட்டிலிருந்து ஒரு கடிதமும் போகவில்லை. பிரிக்பீல்ட்ஸ் அதிகாரிகள் இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள்.

அங்கிள் இரண்டு வரி எழுதினார். தூரப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார். அவருக்கே விளங்கவில்லை. காகிதத்தைக் கசக்கினார். இன்னொன்று எடுத்தார். அதையும் கசக்கினார். பிறகு டிவியைப் பார்த்தபடி, யாரிடமோ கேட்பதுபோல் கேட்டார்:

“அவன் எங்க இருக்கான்?”

“எவன்?” என்றார் அக்கா.

“எவன்னு கேக்குறா பாரு. லெட்டர் எழுதுறவன்.”

“பீஜேல.”

“வரச் சொன்னா எவ்வளவு நேரம் ஆவும்?”

அக்கா எழுந்து சன்னலுக்குப் போனார். மடித்த துண்டை ஓர் உதறு உதறி வெளியே போட்டார். “அஞ்சு நிமிஷம்.”

“பீஜேலேருந்து அஞ்சு நிமிஷமா?”

“புது ரோடு போட்டிருக்காங்க லா.”

அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. பையன் வாசலில் மூச்சு வாங்க நின்றான், நிலைக்கு வெளியே. அங்கிள் திரும்பிப் பார்க்கவில்லை.

“சப்பாத்தக் கழட்டிட்டு வா. உக்காரு. ‘மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு’ன்னு போடு.”

பையன் ஷூவைக் கழற்றினான். வந்தான். உட்கார்ந்தான். பேனாவை எடுத்து, “கார்பன் வைக்கணுமாப்பா?” என்று கேட்டான்.

“ரெண்டு நகல். ஒண்ணு டிவி நிலையத்துக்கு.”

அவ்வளவுதான். ஏழு மாதம் என்பது வெற்றிலை வாங்கக் கடைக்குப் போய்வந்த நேரம்போல ஆகிவிட்டது. அங்கிள் நடந்துகொண்டே சொன்னார், பையன் எழுதினான். “‘உங்கள் பத்திரிகையில் இதை எழுதிய முட்டாள்’னு போடு.”

“முட்டாள்னு போட்டா கேஸ் ஆயிரும்பா.”

அங்கிள் யோசித்தார். என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்க அச்சாபீசுலதானே. கொஞ்சம் கௌரவமா வேற வார்த்த இருந்தா சொல்லுங்களேன்.”

அது என் தொழில். “அறிவிலி,” என்றேன். “மூடன். பேதை. மதியிலி. விவரமில்லாதவர்.”

“மதியிலி நல்லாருக்கு. எல்லாத்தையும் போடுடா.”

பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான். எழுதியது யாரென்று அக்கா அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். குனிந்துகொண்டான், தோள் மட்டும் குலுங்கியது. அக்கா கோழி பரிமாறினார். மகனுக்குத் தொடை, கணவருக்கு நெஞ்சு. எனக்குக் கழுத்து.

அடுத்த நாளிலிருந்து அலுவலகத்தில் தபால்காரர் வரும்போதெல்லாம் எனக்கு வியர்த்தது. முதலாளி கடிதத்தைப் படித்தால் என் வேலை போகும். ஒரு வாரம் ஆயிற்று, வரவில்லை. மூன்றாம் வாரம் சாப்பாட்டின்போது தாங்க முடியாமல் கேட்டேன். “அக்கா, அந்த லெட்டர அனுப்பியாச்சா?”

“எங்க தம்பி! ஒரு பக்கம் இருந்துச்சு, இப்ப பதினோரு பக்கம். டெய்லி வேல முடிஞ்சு வரான். ரெண்டு வரி எழுதுறான், இவரு நாலு வரிய அடிக்கச் சொல்றாரு. பஸ்ஸுல போயி வர்றதுலயே நேரம் போவுதாம், லெட்டர் முடியிற வரைக்கும் இங்கயே படுத்துக்கட்டும்னு இவரே சொல்லிட்டாரு. போன சனிக்கிழம துணிப்பையத் தூக்கிட்டு வந்துட்டான்.”

“அப்ப எப்பதான் முடியும்?”

உள்ளறையில் இருவரும் ஏதோ ஒரு வரிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு காதை அங்கே வைத்துக்கொண்டே எனக்கு இரண்டாவது மீன் துண்டைப் போட்டார்.

“அவரு சொல்ற தப்பெல்லாம் தீந்துக்கிட்டே வருது தம்பி, எனக்கு அதான் பயமா இருக்கு. நீ வாரா வாரம் எழுதுறியே. இன்னும் கொஞ்சம் தப்பா எழுதேன்.”

அந்த வாரம் பத்தாம் அங்கம். கணவன் மனைவியின் பிறந்தநாளை மறந்துவிடுகிறான், மறுநாள் கேக் வாங்கி வருகிறான், அவ்வளவுதான் கதை. அதை விவாகரத்து வரைக்கும் கொண்டுபோக எனக்கு அரைமணி நேரம் பிடித்தது.